பேச்சு எட்டும் தூரம்: போலந்துக் குடியிருப்பும் பால்ய நினைவின் அரசியலும்

1

அமெரிக்கப் போலந்துக் குடியேறிகளின் பிள்ளைகள் எழுதிய பால்ய நினைவுகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஐந்தாறு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் எழுதினாரோ என்று சந்தேகம் வந்துவிடும். தேவாலய மணி. ஆலைச் சங்கு. முட்டைக்கோஸ் வேகிற வாசனை. சனிக்கிழமைதோறும் வாசற்படியைத் தேய்த்துக் கழுவுகிற அம்மா. பூட்டாத கதவுகள். எந்த வீட்டு வாசலில் பசித்ததோ அந்த வீட்டிலேயே சாப்பிட்ட குழந்தைகள். தப்புப் பண்ணினால் தெருவில் யார் வேண்டுமானாலும் காதைத் திருகலாம்; பையன் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போயிருக்கும். கடைசிப் பத்தியில் ஒரு பெருமூச்சு: அந்த நெருக்கம் இனி வராது.

இவை பொய் என்று சொல்ல நான் வரவில்லை. உண்மைதான். ஆனால் உண்மையான விவரங்களைக் கோத்துச் சொல்லும்போதும் ஒரு கதையாடல் எதையோ ஒளிக்கத்தான் செய்கிறது. இங்கே 'நெருக்கம்' என்று எது சொல்லப்படுகிறது? யாருக்கும் யாருக்கும் இடையிலான நெருக்கம்? எதனால் உண்டானது, யாரை நெருக்கியது? 'சமூகம்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நெகிழ்ந்துபோகிற நம்மைப் போன்றவர்கள், அதிலும் இயக்கங்களில் வேலை செய்கிறவர்கள், கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் இவை.

புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு நான் இதைப் பேசவில்லை. 2003, 2004 இரண்டு ஆண்டுகளும் மிச்சிகன் மாநிலத்து ஹாம்ட்ராமிக்கில் ஒரு மரவீட்டின் மாடியில் குடியிருந்தேன். ஏறத்தாழ எல்லாப் பக்கமும் டெட்ராய்ட் நகரத்தால் சூழப்பட்ட, இரண்டு சதுர மைல் பரப்புள்ள தனி ஊர் அது. வீட்டுக்காரம்மா கீழே இருந்தார். 1929இல் அதே தெருவில் பிறந்தவர். 'பூஷா'ன்னே கூப்பிடு என்றார். பாட்டி என்று அர்த்தம். போலந்தில் பாட்டிக்கு வேறு சொல். 'பூஷா' என்பது சிகாகோ, டெட்ராய்ட் பக்கத்துப் போலந்துக்காரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது. வாடகை கொடுக்கப் போகிற ஒவ்வொரு மாதமும் அடுப்படி மேஜையில் உட்காரவைத்துப் பேசுவார். அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படைப் பிரதி. மற்றவை பிறகு படித்தவை.

2

முதலில் 'போலந்துக்காரர்' என்று யாரைச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். 1795 முதல் 1918 வரை போலந்து என்றொரு நாடு வரைபடத்தில் கிடையாது. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கு போட்டு விழுங்கியிருந்தன. கப்பலை விட்டு இறங்கிய விவசாயியை அமெரிக்கப் பதிவேடு ரஷ்யன் என்றோ ஆஸ்திரியன் என்றோ ஜெர்மானியன் என்றோ எழுதிக்கொண்டது. அவனையே கேட்டிருந்தால் தன் கிராமத்தின் பெயரைச் சொல்லியிருப்பான். ரொட்டிக்காகப் போனவர்கள் என்றுதான் அந்தக் குடிப்பெயர்வுக்குப் போலிஷ் மொழியில் பெயரே. தேசம் கையிலே இல்லை, வயிறு இருந்தது, கிளம்பி வந்தார்கள். வந்த இடத்தில் முதலாளியும் அண்டைவீட்டு ஐரிஷ்காரனும் 'போலாக்' என்று ஏசியபோதுதான் பக்கத்து மாவட்டத்துக்காரனும் தானும் ஒன்று என்று அவனுக்குத் தெரிந்தது. இந்த அடையாளத்தில் ஒரு பகுதி ஊரிலிருந்து மூட்டை கட்டி வந்தது. பெரும்பகுதி அங்கே, ஆலை வாசலில் உண்டானது.

ஹாம்ட்ராமிக்கின் கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். 1910இல் அங்கே 3,559 பேர். அந்த ஆண்டுதான் டாட்ஜ் சகோதரர்கள் தங்கள் கார்த் தொழிற்சாலையை அங்கே கட்டுகிறார்கள். 1920இல் மக்கள்தொகை 48,615. பத்தே வருடம். அதாவது, 'நெருக்கம்' என்று பின்னால் கொண்டாடப்பட்டது முதலில் இட நெருக்கடிதான். சிறு மனை, மனைக்கு ஒரு மரவீடு, வீட்டுக்குள் கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், மிச்ச மூலைகளில் தனி ஆட்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த கட்டிலில் இரவு ஷிப்டுக்காரன் வந்து விழுவான். கட்டில் ஆறவே ஆறாது. அந்த ஆட்களுக்குப் பொங்கிப்போட்டு, அழுக்குத் துணி துவைத்து, பூஷாவின் அம்மா சம்பாதித்த காசுதான் வீட்டுக் கடனை அடைத்தது என்பார். அப்பாவின் சம்பளம் சாப்பாட்டுக்கும் சாராயக்கடைக்கும் சரியாக இருக்குமாம். ஆனால் வீட்டுப் பத்திரம் அப்பா பெயரில்.

அங்கே புழங்கிய மொழியில் காருக்கு 'காரா' என்று பெயர். இங்கிலீஷ் சொல்லைப் போலிஷ் இலக்கணத்தில் நுழைத்துப் பண்ணியது. போலந்துப் போலிஷில் 'காரா' என்றால் தண்டனை. வார்ஸாவிலிருந்து வந்த ஒரு விருந்தாளியிடம் 'எங்கப்பா முப்பது வருஷம் காரா பண்ணினார்' என்று சொல்லி மாட்டிக்கொண்டதைச் சொல்லிச் சிரிப்பார் பூஷா. சிரித்து முடித்துவிட்டு, 'அதுவும் சரிதான்' என்பார்.

3

இந்தக் குடியேறிகளைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு 'ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போலந்து விவசாயி'. வில்லியம் தாமஸ், ஃப்ளோரியன் ஸ்னானியெட்ஸ்கி இருவரும் 1918இலிருந்து 1920க்குள் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. விவசாயிகள் ஊருக்கும் அமெரிக்காவுக்கும் எழுதிக்கொண்ட நூற்றுக்கணக்கான கடிதங்களைக் காசு கொடுத்துச் சேகரித்து அவற்றையே ஆதாரமாக வைத்து எழுதினார்கள். சாதாரண மனிதர்களின் எழுத்து சமூகவியலுக்குள் நுழைந்த இடம் இது. அதே சமயம் அந்த எழுத்துக்கு அர்த்தம் சொல்லும் உரிமை பல்கலைக்கழகத்தின் கையிலேயே இருந்தது. புலம்பெயர்ந்த குடும்பம் கட்டுக்குலைந்து போகிறது என்பது அவர்களது முக்கியமான கவலை. குலைவது தெரிந்த அளவுக்கு, கட்டு என்பது யார் கழுத்தில் இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை என்பது என் வாசிப்பு.

ஆனாலும் அவர்கள் எடுத்துக் கொடுத்த ஒரு கருத்து எனக்கு மிகவும் வேண்டியிருக்கிறது. 'ஒகொலீட்சா' என்றொரு போலிஷ் சொல். சுற்றுவட்டாரம் என்று மொழிபெயர்க்கலாம். விவசாயியைப் பொறுத்தவரை அதன் எல்லை என்ன? ஒரு மனிதனைப் பற்றிய பேச்சு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் அவனது சுற்றுவட்டாரம். ஆறோ மலையோ வருவாய்த்துறைக் கல்லோ எல்லை ஆகாது. புறணிதான் எல்லை.

இதைப் படித்தபோது பூஷாவின் தெரு எனக்குச் சட்டென்று விளங்கியது. பங்குக் கோயில், கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம், ஆள் செத்தால் அடக்கச் செலவுக்குப் பணம் தரும் சங்கம், வீட்டுக்கடன் கொடுக்கும் சிறு சேமிப்பு நிறுவனம், சாராயக்கடை, இறைச்சிக்கடை. இவை எல்லாமே பேச்சு பரவும் இடங்கள். எல்லாவற்றிலும் உன்னைப் பற்றிய பேச்சு உனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கடன் கிடைப்பதும், மகளுக்கு மாப்பிள்ளை வருவதும், ஆலையில் மாமனோ மச்சானோ சொல்லி வேலை கிடைப்பதும் அந்தப் பேச்சைப் பொறுத்தது. மணலில் காலடி மாதிரி மறைந்துபோகும் ஒரு மாநகரத்தில், பேச்சுக்குள் இருப்பது பெரிய பாதுகாப்பு. காய்ச்சலில் விழுந்தால் யாரோ கஞ்சி கொண்டுவருவார்கள். ஆகவே நெருக்கம் என்பதை இப்படிச் சொல்லலாம்: நம்மைப் பற்றிப் பேசுகிறவர்களின் நடுவில் வாழ்வது.

அப்படியானால் இரண்டு பேரை நாம் தேடவேண்டியிருக்கிறது. பேச்சுக்கு உள்ளே இருந்தும் பேச முடியாதவர். பேச்சில் பெயராக மட்டும் வந்து, மனிதராக ஒருநாளும் வராதவர். பால்ய நினைவுகள் இந்த இரண்டு பேரையும்தான் விட்டுவிடுகின்றன.

4

பூஷாவுக்கு ஒரு அக்கா. 1939இல் அவளுக்குப் பதினேழு வயது. வீட்டில் கட்டில் வாடகைக்கு இருந்த ஒருவனால் கர்ப்பமானாள். அவள் விருப்பத்தோடா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் அவள் இல்லை. 'எங்கேன்னு கேட்டேன். அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் கேக்கல.' தெருவுக்கே தெரியும். பாதிரியாருக்குத் தெரியும். பூட்டாத அத்தனை கதவுக்குப் பின்னாலும் தெரியும். அவனுக்கு என்ன ஆயிற்று என்றேன். 'கட்டிலை மாத்திக்கிட்டான். ரெண்டு தெரு தள்ளி.' ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவனைப் பார்த்ததுண்டாம்.

இதே தெருதான் 1935இல் வேறொன்றையும் செய்தது. அந்தக் கோடையில் இறைச்சி விலையைக் குறைக்கச் சொல்லி ஹாம்ட்ராமிக் பெண்கள் இறைச்சிக்கடைகளை மறித்தார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்களின் பொட்டலத்தைப் பிடுங்கி எறிந்தார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். தலைமை தாங்கிய மேரி ஸுக், வேலையிழந்த ஆலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி. அடுத்த ஆண்டே நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1937 மார்ச்சில் டாட்ஜ் ஆலைக்குள் தொழிலாளர்கள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தபோது உணவு சமைத்துக் கொடுத்ததும் இப்படிப்பட்ட அடுப்படிகள்தான். ஆறு வயதில் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மறியலில் நின்றது பூஷாவுக்கு நன்றாக நினைவிருந்தது. எந்தத் துண்டறிக்கையும் அவர்களைக் கூட்டவில்லை; வேலிக்கு வேலி பேச்சு போனது, அவ்வளவுதான்.

ஆக, ஒரே பேச்சு. கசாப்புக் கடைக்காரனையும் கார் முதலாளியையும் பணியவைத்த அதே பேச்சு, ஒரு பதினேழு வயதுப் பெண்ணைத் துடைத்துவிட்டுப் பேசாமலும் இருந்தது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு 'தொழிலாளி வர்க்க ஒற்றுமை' என்று எழுதுவது நம் வழக்கம். இரண்டாவதை மட்டும் எடுத்து 'பிற்போக்கான விவசாய மனோபாவம்' என்று எழுதுவது இன்னொரு தரப்பின் வழக்கம். இரண்டும் ஒரே அடுப்படி மேஜையில் நடந்தவை என்பதை எழுதத்தான் ஆளில்லை.

ஒருவர் எழுதினார். நெல்சன் ஆல்கிரென். அவர் போலந்துக்காரர் அல்ல; சிகாகோவின் போலந்துத் தெருக்களில் வாழ்ந்தவர். 1942இல் வந்த அவரது 'நெவர் கம் மார்னிங்' நாவலில், குத்துச்சண்டைக்காரனாக வரத் துடிக்கும் புரூனோ, தன் காதலி ஸ்டெஃபியைத் தன் தெருக் கும்பல் வரிசையில் நின்று நாசம் செய்ய விட்டுவிடுகிறான். நண்பர்களை எதிர்க்க அவனுக்குத் தைரியமில்லை. ஆனால் அந்த வரிசையில் சேர வந்த ஒரு கிரேக்கனை அடித்தே கொல்கிறான். உள்ளே இருக்கிறவன் செய்தால் அது தெரு விவகாரம். வெளியாள் வந்தால் கொலை. ஒரு 'நெருக்கமான' குடியிருப்பின் தர்க்கத்தை இவ்வளவு இரக்கமில்லாமல் வைத்த வேறு பிரதியை நான் படித்ததில்லை.

சிகாகோவின் போலந்து அமைப்புகள் கொதித்துப் போயின. ஹிட்லர் போலந்தை விழுங்கியிருந்த நேரம். இது நாஜிகளுக்கு உதவும் நூல் என்றார்கள். நகர நூலகத்தின் அடுக்கிலிருந்து நாவல் விலக்கி வைக்கப்பட்டது. அவர்களது வலியை நான் ஏளனம் செய்யமாட்டேன். 'போலாக்' என்று ஏசப்பட்டே வளர்ந்தவர்கள், ஒரு வெளியாள் தம் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக எழுதுவதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ஆனால் அந்த எதிர்ப்பில் ஸ்டெஃபிக்கு என்ன இடம் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சமூகத்தின் மானம் பேசப்பட்டது. பூஷாவின் அம்மா உருளைக்கிழங்கு சீவிய அதே மௌனம்.

ஒரு தலைமுறை கழித்து ஸ்டூவர்ட் டைபெக் வருகிறார். சிகாகோவின் தென்மேற்கில், போலந்துப் பங்குகள் மெக்சிகோக்காரர்களின் பங்குகளாக மாறிக்கொண்டிருந்த தெருக்களில் வளர்ந்தவர். அவரது 1980ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பே 'பால்யமும் மற்ற வட்டாரங்களும்' என்ற பொருள் தருவது. பால்யமே ஒரு வட்டாரம் என்கிறது தலைப்பு. திரும்பிப் போக முடியாத, ஆனால் எப்போதும் வேறு ஆட்கள் குடியேறிக்கொண்டிருக்கிற வட்டாரம். நினைவேக்கக்காரர்கள் தெருவைப் பளிங்கில் வார்க்கிறார்கள். டைபெக்கின் தெருவில் ஏற்கெனவே ஸ்பானிஷ் கேட்கிறது, கூடவே நகர நிர்வாகம் அந்த இடத்தைச் 'சீர்கெட்ட பகுதி' என்று முத்திரை குத்துகிறது. பையன்களுக்கு அந்த முத்திரை வேடிக்கை. பேச்சு எல்லை தாண்டுவது அங்கே ஒரு துயரமே இல்லை. ஆல்கிரெனிடம் இல்லாத ஏதோ ஒரு வெளிச்சம் அவரிடம் இருப்பதற்கு இது காரணம் என்று நினைக்கிறேன்.

5

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவை 'விகீலியா' என்பார்கள். முதல் நட்சத்திரம் தெரியும்வரை பட்டினி. மேஜை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல். ஒப்வாதெக் என்கிற மெல்லிய அப்பத்தை ஒருவருக்கொருவர் கொடுத்துப் பிட்டுக்கொண்டு மன்னிப்பும் வாழ்த்தும் சொல்லிக்கொள்வார்கள். மேஜையில் ஒரு தட்டு அதிகமாக வைக்கப்படும். எதிர்பாராமல் வந்து கதவைத் தட்டும் அந்நியருக்கு.

2003 டிசம்பரில் பூஷா என்னையும் கூப்பிட்டிருந்தார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் புறநகரிலிருந்து வந்திருந்தார்கள். காலியாக இருந்த இடத்தில் நான் உட்காரப் போனேன். அந்நியருக்கான இடம், நான்தானே அந்நியன் என்ற நினைப்பு. பூஷா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். அடுப்படியிலிருந்து இன்னொரு நாற்காலியும் தட்டும் வந்தது. 'அங்க இல்ல. அது வரப்போறவங்களுக்கு.' யார் வரப்போகிறார்கள் என்றேன். 'யாரும் வந்ததில்ல' என்றார் அவருடைய மகன், சிரித்துக்கொண்டே.

அந்தச் சடங்கின் மேல் எனக்கு மரியாதை உண்டு. வருடத்துக்கு ஒருமுறையாவது அந்நியருக்கு இடம் வைக்க வேண்டும் என்று நினைவுபடுத்துகிற பண்பாடு சாதாரணமானதல்ல. ஆனால் அந்தத் தட்டை 1942க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 28 அன்று, டெட்ராய்டின் வடகிழக்கில் சோஜர்னர் ட்ரூத் என்ற அரசுக் குடியிருப்புக்குக் குடிவந்த கறுப்பர் குடும்பங்களை வெள்ளையர் கூட்டம் தடுத்துத் தாக்கியது. போர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்த கறுப்பர்களுக்கென்று கட்டப்பட்ட வீடுகள் அவை. முந்தின இரவு சிலுவை ஒன்று கொளுத்தப்பட்டது. அந்தச் சுற்றுவட்டாரம் பெரும்பாலும் போலந்துக்காரர்களுடையது; எதிர்ப்பை ஒருங்கிணைத்ததில் உள்ளூர் வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்துக்கும் பங்குக் கோயிலுக்கும் இடமிருந்தது. கைதானவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். ஏப்ரல் கடைசியில் படைக் காவலோடுதான் அந்தக் குடும்பங்கள் உள்ளே போக முடிந்தது.

பூஷாவின் மாமா அந்தப் பக்கம் வீடு வாங்கியிருந்தார். 'மாமா போனார். அப்பாவும் கூடப் போனார்னு நினைக்கிறேன். கோட்டில ரத்தம் இருந்துச்சு. அம்மா துவைச்சாங்க.' அவ்வளவுதான் சொன்னார். அப்பா மேல் எனக்கு ஆத்திரம் வந்ததா என்றால், வந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. இருபது வருடம் கட்டில் வாடகை வாங்கி, அழுக்குத் துவைத்துக் கட்டிய வீடு. கறுப்பர் வந்தால் தெருவின் மதிப்பு விழும் என்று அரசாங்கமே கோடு போட்டு வரைபடம் தயாரித்த காலம். அந்த வரைபடத்தை வைத்துத்தான் கடன். 'போலாக்' என்று ஏசப்பட்டவனுக்கு வெள்ளையன் என்ற அந்தஸ்து அப்போதுதான் கைக்கு எட்டும் தூரத்தில் வந்திருந்தது. அதை வாங்குவதற்கு அவன் கொடுக்க வேண்டிய விலை என்ன என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. அவன் கொடுத்தான். காரணம் புரிவதால் குற்றம் குறைந்துவிடாது.

ஹாம்ட்ராமிக்கிலும் இது தொடர்ந்தது. நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் கறுப்பர் வாழ்ந்த பகுதிகளைத் திட்டமிட்டே காலிசெய்தது ஊர் நிர்வாகம் என்று 1971இல் கூட்டாட்சி நீதிபதி டேமன் கீத் தீர்ப்புச் சொன்னார். ஈடாகக் கட்டித்தர வேண்டிய வீடுகள் முடிய 2010 வாக்கில் ஆயிற்று. ஒரு தலைமுறைக்கும் மேல். பால்ய நினைவுகளில் அந்தத் தெருக்களின் பெயர் வருவதில்லை. பேச்சு அதுவரை எட்டவில்லை போலும்.

6

இனி 1981. இதை ஒதுக்கிவிட்டு மேலே சொன்னவற்றோடு நிறுத்தினால் நானும் பாதிக் கதை சொன்னவனாவேன்.

1980 ஜனவரியில் டாட்ஜ் ஆலை மூடப்பட்டது. அந்த இடத்தையும், அதை ஒட்டி டெட்ராய்டுக்குள் இருந்த 'போல்டவுன்' குடியிருப்பையும் சேர்த்து 465 ஏக்கரில் ஜெனரல் மோட்டார்ஸ் புதிய ஆலை கட்டுவது என்று திட்டம். ஏறத்தாழ 4,200 பேர் வெளியேற்றப்பட வேண்டும். 1,300க்கு மேற்பட்ட வீடுகள், நூற்றுக்கு மேற்பட்ட கடைகள், பல தேவாலயங்கள். ஒரு தனியார் கம்பெனிக்காக அரசு நிலத்தைப் பிடுங்கலாமா என்று வழக்குப் போட்டார்கள். பிடுங்கலாம், வேலைவாய்ப்பும் பொதுநலன்தான் என்றது மிச்சிகன் உச்சநீதிமன்றம், 1981 மார்ச்சில். சொன்ன 6,000 வேலைகள் சொன்னபடி வரவில்லை. 2004இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று ரத்து செய்தது. இருபத்து மூன்று வருடம் கழித்து. அதற்குள் அங்கே திரும்பிப் போக வீடே இல்லை.

என் வாதத்துக்கு முக்கியமானது, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது. கார்த் தொழிலாளர் சங்கம் திட்டத்தை ஆதரித்தது. டெட்ராய்ட் மறைமாவட்டம் ஆதரித்தது, அமலோற்பவ மாதா கோயிலை விற்கவும் செய்தது. நகரின் முதல் கறுப்பு மேயர் கோல்மன் யங் முன்னின்று நடத்தினார். எழுபது வருடமாக அந்தத் தெருக்களின் நெருக்கத்துக்குத் தூண்கள் என்று சொல்லப்பட்டவை எவையோ, அவை எல்லாம் ஒரே வாரிசையில் எதிர்ப்பக்கம் போய் நின்றன. மறைமாவட்டத்தை மீறி மக்களோடு நின்ற பங்குத்தந்தை ஜோசப் கராசியேவிச் அந்த ஆண்டு டிசம்பரிலேயே இறந்துபோனார்.

மிச்சம் இருந்தது பேச்சு மட்டும்தான். 29 நாள் கோயிலின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். ஜூலை 14 விடியற்காலையில் போலீஸ் வந்து வெளியேற்றியது. பூஷாவின் சித்தி அங்கே இருந்தவர். சித்தி வீட்டு மாடியில் குடியிருந்த கறுப்புப் பெண்மணியும் தினமும் வந்தாராம். 'சித்தி அந்தம்மாவை அதுவரைக்கும் மாடிக்காரின்னுதான் சொல்லும். அந்த ஒரு மாசத்துல பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சுது.'

இந்த இடத்தில் பெயர் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய போல்டவுனில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கறுப்பர்கள். ஆனால் பத்திரிகைகள் இதைப் போலந்துக் கிழவிகளுக்கும் கறுப்பு மேயருக்கும் நடந்த சண்டையாகவே எழுதின. அந்தப் பெயர் பாதிப்பேரைப் பேச்சிலிருந்து வெட்டிவிட்டது. பின்னாளில் எழுதப்பட்ட நினைவேக்கக் கட்டுரைகளும் 'ஒரு போலந்துக் குடியிருப்பின் மரணம்' என்றே அழுகின்றன. செத்தது அதுவல்ல. போலந்துத் தன்மை அதற்கு முன்பே பெரும்பாலும் புறநகருக்குப் போயிருந்தது. செத்தது, அந்தக் கீழ்த்தளத்தில் அப்போதுதான் பிறந்த வேறொரு நெருக்கம். இரத்தத்தாலும் ஞானஸ்நானத்தாலும் வராமல், ஒரே ஆள் ஒரே நாளில் ஒரே தெருவைப் பிடுங்க வந்ததால் உண்டானது. அதற்கு ஒரு மாதம்தான் ஆயுள் கொடுத்தார்கள்.

அந்த ஆலை வளாகத்துக்குள் பெத் ஓலம் என்ற பழைய யூதக் கல்லறைத் தோட்டம் மட்டும் இடிக்கப்படாமல் நிற்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை திறந்துவிடும் வழக்கம். செத்தவர்களுக்கு இடம் இருந்தது.

7

கடைசியாக என் சங்கதி. 2004இல் ஹாம்ட்ராமிக்கின் அல்-இஸ்லாஹ் பள்ளிவாசல், பாங்கை ஒலிபெருக்கியில் சொல்ல அனுமதி கேட்டது. வங்கதேசத்தவர் கட்டிய பள்ளிவாசல். ஊர் இரண்டாகப் பிரிந்தது. நகரசபை அனுமதித்தது, அதை எதிர்த்து ஜூலையில் வாக்கெடுப்பு நடந்தபோதும் அனுமதி நிலைத்தது. பூஷா பக்கத்து வீட்டு வங்காளிக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு வருடமும் தவக்காலத்துக்கு முந்தின நாள் பொன்ச்கி சுட்டுக் கொடுப்பவர். அந்தக் குழந்தைகளும் அவரைப் பூஷா என்றுதான் கூப்பிட்டன. வாக்கெடுப்பில் அவர் பாங்குக்கு எதிராக வாக்களித்தார். கோயில் மணியும் சத்தம்தானே என்றேன். 'அது சத்தமில்ல. மணி' என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சமாதானம் போல: 'நீ அவங்க மாதிரி இல்ல.'

நான் பேசாமல் இருந்தேன். வாடகை மலிவு. அவர் கையால் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. சொந்த ஊரில் எங்கள் தெருவிலும் எல்லார் வீட்டிலும் எல்லாரும் சாப்பிடுவோம். அந்த எல்லாரில் யார் யார் உண்டு என்று கல்லூரி போகும்வரை எனக்குத் தோன்றியதேயில்லை. என் பால்யத்தை எழுதச் சொன்னால் நானும் பூட்டாத கதவுகளைத்தான் எழுதியிருப்பேன்.

2021இல் ஹாம்ட்ராமிக் யேமனில் பிறந்த அமீர் காலிபை மேயராகத் தேர்ந்தெடுத்தது. 1922 முதல் அதுவரை மேயர்கள் எல்லாரும் போலந்து வம்சாவளி. 2023 ஜூனில், முழுக்க முஸ்லிம்களாலான நகரசபை, ஒருபாலுறவாளர்களின் வானவில் கொடியை ஊர்ச் சொத்துகளில் ஏற்றக்கூடாது என்று முடிவெடுத்தது. பாங்குக்காக அவர்களோடு 2004இல் நின்ற பலர் துரோகம் என்று கசந்துகொண்டார்கள். கசப்பு நியாயமானது. ஆனால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பேச்சின் மையம் ஒரு கோயிலிலிருந்து ஒரு பள்ளிவாசலுக்கு நகர்ந்தது. பேச்சின் விதி அப்படியே இருந்தது. ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே ஒரு சமூகத்தின் நெருக்கம் புனிதமாகிவிடாது. 1942இல் ஆகவில்லை, இப்போதும் ஆகாது.

ஆகவே, சமூகம் வேண்டாம், தனிமனிதனே போதும் என்று சொல்கிறேனா? இல்லை. தனிமனிதனாக நின்றவனை ஆலையும் வங்கியும் ஒரே நாளில் தின்றுவிடும் என்று அந்தப் பெண்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மண்ணெண்ணெய் ஊற்றிய பேச்சு நமக்கு வேண்டும். ஆனால் நெருக்கத்தைக் கொண்டாடி எழுதப்படும் எந்தப் பிரதியிடமும், எந்த இயக்கத்திடமும், நம் சொந்த நினைவிடமும், அந்த அக்கா எங்கே போனாள் என்று கேட்க வேண்டும். கோட்டில் யார் ரத்தம் என்று கேட்க வேண்டும். உருளைக்கிழங்கு சீவுகிற கை நிற்கும்வரை கேட்க வேண்டும்.

நான் ஊர் திரும்பியபின் இரண்டு வருடத்தில் பூஷா இறந்துபோனார். அடக்கத்துக்குப் பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பம் முழுவதும் போயிருந்ததாக அவருடைய மகன் எழுதியிருந்தார். பெட்டிக்கு ஆள் போதாமல், அந்த வீட்டுப் பெரிய பையனும் தோள் கொடுத்தானாம். வாக்கெடுப்பில் பூஷா எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியுமா என்று நான் பதில் எழுதிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.